ராமானுஜன் எழுதிய மூன்று கடிதங்கள்



இது நீளமான பதிவு. கல்லூரிப் படிப்பை முடிக்கும் நிலையில் பிள்ளை இருக்கும் வீட்டில் கட்டாயம் படியுங்கள். மற்றவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம்.

சில ஆண்டுகளாக என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, தங்களைப் பற்றி எழுதிய கட்டுரையை வாட்ஸப்பில் எனக்கு அனுப்பி, "தாத்தா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்கள். எஸ்.ஓ.பி. என்று அதற்குப் பெயர். நீ யார், இதுவரை என்ன செய்தாய், ஏன் இந்தப் படிப்பு, ஏன் எங்கள் கல்லூரி என்று கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பலருக்கு உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் இந்த இரண்டு பக்கத்தைப் பொறுத்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் அப்பாக்களை எனக்குத் தெரியும். அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

வருகிற கட்டுரைகளில் பாதி ஒரே மாதிரி இருக்கின்றன. "சிறு வயது முதலே எனக்குக் கணினியின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மீதிப் பாதியில் முதல் பக்கம் முழுவதும் குடும்பக் கஷ்டம். பிள்ளை என்ன படித்தான், என்ன செய்தான் என்பது கடைசி ஐந்து வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நம் பள்ளிகளில் நாங்கள் சொல்லிக் கொடுத்த ஒரே விண்ணப்பம் விடுப்பு விண்ணப்பம்தான். "எனக்குக் காய்ச்சலாக இருப்பதால்" என்று தொடங்கி "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று முடியும். காய்ச்சல் இல்லாதவனுக்கும் அதே காய்ச்சல்தான். அதற்குப் பிறகு எல்லாமே மதிப்பெண். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கட்ஆஃப், கலந்தாய்வு. "நீ யார்?" என்று யாரும் கேட்பதில்லை. இருபத்தோரு வயதில் முதன்முறையாக அந்தக் கேள்வி வரும்போது பிள்ளை திகைத்துப்போய் இணையத்தில் மாதிரி தேடுகிறான்.

இவர்களுக்கு ஒரு நல்ல மாதிரியைக் காட்ட வேண்டும் என்று தேடியபோது நம் ஊரிலேயே ஒன்று இருப்பது தெரிந்தது. கும்பகோணத்துச் சீனிவாச ராமானுஜன் 1912, 1913 ஆம் ஆண்டுகளில் எழுதிய மூன்று கடிதங்கள். மூன்றும் ஒருவகையில் விண்ணப்பங்களே. அவருடைய கணிதத்தை விளக்க எனக்குத் தகுதி கிடையாது. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்று எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்தியவன். ஆனால் ஒரு மனிதர் தன்னைப் பற்றி எப்படி எழுதினார் என்று பார்க்க அது போதும்.

முதலில் அவர் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்தார். அப்பா கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். டவுன் உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிகுலேஷன் முடித்து, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோற்று உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கிருந்து எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி, தனியாக மறுபடி எழுதியதிலும் தோல்வி. அன்றைய பல்கலைக்கழகத்துக்கு எல்லாப் பாடத்திலும் தேற வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒரு பாடத்தில் மலையளவு இருந்தாலும் மற்றதில் குறைந்தால் வெளியே போக வேண்டியதுதான். இடையில் 1909-இல் ஜானகி அம்மாளோடு திருமணமும் நடந்துவிட்டது. பட்டமில்லை, வருமானமில்லை. கையில் இருந்தவை நோட்டுப் புத்தகங்கள் மட்டும்.

ஆங்கிலக் கட்டுரையில் தோற்ற அதே மனிதர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதங்களைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதல் கடிதம் 1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணியிலிருந்து எழுதியது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழக அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பிக்கிறார். ஒரு சிறிய பத்திதான். அதில் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியவில்லை. ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே கொடுத்து அதை வளர்த்து வருகிறேன். வேலை கொடுத்தால் அதைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவ்வளவுதான்.

இதில் நான் கவனித்தது அந்தத் தோல்வியை அவர் சொல்லும் விதம். மறைக்கவில்லை. எஃப்.ஏ. தேறினேன் என்று எழுதவில்லை, "எஃப்.ஏ. வரை படித்தேன்" என்கிறார். ஆனால் அதற்காக அழவும் இல்லை. யார் மீதும் பழி போடவில்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டு, "ஆனாலும்" என்று அடுத்த வரியில் தான் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு வந்துவிடுகிறார். அரியர் வைத்த பிள்ளைகளும், ஓராண்டு வீட்டில் இருந்த பிள்ளைகளும் அதை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்பார்கள். இந்தக் கடிதம்தான் பதில். உண்மையை ஒரு வரியில் சொல். அடுத்த வரியில் நகர்ந்துவிடு.

கடிதத்தோடு ஒரு சிபாரிசையும் இணைத்திருந்தார். சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதியது. கணிதத்தில் அசாதாரணமான திறமை உள்ள இளைஞர் என்று அதில் இருந்தது. வேலை கிடைத்தது. 1912 மார்ச் 1 அன்று சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள். மேலாளர் எஸ். நாராயண ஐயரே கணிதம் அறிந்தவர். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர். இவர்களும் மற்ற நண்பர்களும், இங்கே இருப்பவர்களால் உன் கணக்கை எடைபோட முடியாது, இங்கிலாந்துக்கு எழுது என்று ஊக்கப்படுத்தினார்கள்.

முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில் என்பவருக்கு 1912 நவம்பரில் ராமானுஜனின் கணக்குகளை அனுப்பினார். பதில் அன்பாகத்தான் வந்தது. இவருக்குக் கணித ருசி இருக்கிறது, ஓரளவு திறமையும் இருக்கிறது, ஆனால் சில குழிகளில் விழுந்திருக்கிறார் என்றார் ஹில். கூடவே ஓர் அறிவுரையும் சொன்னார். எதை அச்சுக்கு அனுப்பினாலும் தெளிவாக எழுத வேண்டும், பிழை இருக்கக் கூடாது, விளக்காத குறியீடு எதையும் பயன்படுத்தக் கூடாது. விளக்காத குறியீடு என்று அவர் சொன்னதை, நம் பிள்ளைகள் கட்டுரையில் வரிசையாக அடுக்கும் சுருக்கெழுத்துகளுக்கும் திட்டப் பெயர்களுக்கும் அப்படியே சொல்லலாம்.

ராமானுஜன் நேரடியாகவும் எழுதினார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருமே பெரிய பெயர்கள். அவர்களிடமிருந்து ஒரு பயனும் கிடைக்கவில்லை. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் யாரும் தவறு சொல்லியிருக்க முடியாது.

அவர் நிறுத்தவில்லை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி. எச். ஹார்டிக்கு எழுதினார். இதுதான் இரண்டாவது கடிதம். உலகம் அறிந்த கடிதம்.

அதன் அமைப்பை ஒரு வாத்தியாராக வரிசைப்படுத்திச் சொல்கிறேன்.

முதல் வரியிலேயே தான் யார் என்று சொல்கிறார். சென்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. உயர்த்தியும் சொல்லவில்லை, ஒளிக்கவும் இல்லை. பல்கலைக்கழகப் படிப்பு இல்லை, பள்ளிப் படிப்பு மட்டும் உண்டு என்கிறார். ஓய்வு நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார். பிறகு ஒரு துணிச்சலான வாக்கியம் வருகிறது. பல்கலைக்கழகத்தின் வழக்கமான பாதையில் நான் நடக்கவில்லை, எனக்கென்று புதிய பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற பொருளில் எழுதுகிறார். பட்டம் இல்லை என்ற குறையையே, தான் செய்த வேலையின் விளக்கமாக மாற்றிவிடுகிறார். அது வெறும் சொல்லாக இல்லை. அதற்குப் பின்னால் பக்கம் பக்கமாக வேலை இருக்கிறது.

அடுத்து, யாருக்கு எழுதுகிறார் என்பதை மறக்கவில்லை. ஹார்டி 1910-இல் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். அதன் 36 ஆம் பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதற்குத் திட்டவட்டமான சூத்திரம் இன்னும் கிடைக்கவில்லை என்று இருந்தது. ராமானுஜன் அந்தப் பக்க எண்ணையே குறிப்பிட்டு, உண்மையான விடைக்கு மிக நெருக்கமான ஒன்றை நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். உங்களை நான் படித்திருக்கிறேன், நீங்கள் விட்ட இடத்திலிருந்து ஏதோ செய்திருக்கிறேன் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல வழி என்ன இருக்கிறது? நம் பிள்ளைகள் "தங்கள் உலகப் புகழ்பெற்ற கல்லூரி" என்று எழுதுகிறார்கள். அந்த வரியை நூறு கல்லூரிக்கு அனுப்பலாம். 36 ஆம் பக்கத்தை ஹார்டி ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்.

பிறகு கேட்கிறார். என்ன கேட்கிறார்? கேம்பிரிட்ஜில் இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. இணைத்துள்ள தாள்களைப் பாருங்கள், இவற்றில் மதிப்புள்ளது ஏதாவது இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் வெளியிட விரும்புகிறேன், நான் ஏழை, அனுபவமில்லாதவன், நீங்கள் சொல்லும் அறிவுரையைப் பெரிதாக மதிப்பேன் என்கிறார். ஏழை என்ற சொல் ஒரே இடத்தில், ஏன் தானே வெளியிட முடியவில்லை என்பதற்குக் காரணமாக மட்டும் வருகிறது.

கடிதம் அவ்வளவே. அதைத் தொடர்ந்து வரும் பக்கங்களில் கணக்குகள். சுமார் 120 முடிவுகள்.

ஹார்டிக்கு முதலில் இது யாரோ செய்த ஏமாற்று வேலையோ என்ற சந்தேகம்தான் வந்தது. சில முடிவுகள் அவருக்கு ஏற்கெனவே தெரிந்தவை. சில, முயன்றால் நிரூபிக்கக் கூடியவை. சில, அவர் இதுவரை பார்த்தே இராதவை. அன்று மாலை சக கணித அறிஞர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை அலசினார். எழுந்திருக்கும்போது இருவருக்கும் சந்தேகம் போய்விட்டது. இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், உண்மையில்லாமல் இப்படிக் கற்பனை செய்ய யாராலும் முடியாது என்ற பொருளில் ஹார்டி பின்னாளில் எழுதினார்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தின் மிகப் பெரிய உரிமைகோரல், அதாவது பகா எண் சூத்திரம், தவறு. ராமானுஜன் நினைத்த அளவுக்கு அது துல்லியமாக இல்லை. ஹார்டியின் கவனத்தை ஈர்க்க முன்னால் வைத்த பொருளே உடைந்துவிட்டது. பிறகு அவரைக் காப்பாற்றியது எது? பின்னால் இருந்த பக்கங்கள்தான். முன்னுரையில் ஒன்றைச் சற்றுப் பெரிதாகச் சொல்லிவிட்டாலும், செய்த வேலை உண்மையாக இருந்தால் மனிதர் நிற்பார். வேலை இல்லாமல் முன்னுரை மட்டும் இருந்தால் நிற்க இடமில்லை.

தன் வயது சுமார் 23 என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். உண்மையில் அப்போது 25 முடிந்திருந்தது. இன்றைக்கு அப்படி எழுதினால் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்து விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். அதனால் அவரிடமிருந்து எல்லாவற்றையும் காப்பியடிக்க வேண்டாம், கண்ணுகளா.

ஹார்டி 1913 பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். உங்கள் முடிவுகளில் சில தெரிந்தவை, சில புதியவை, சில புதியவையும் முக்கியமானவையும் என்று பிரித்துச் சொல்லி, நிரூபணங்களை அனுப்புங்கள் என்று கேட்டார்.

மூன்றாவது கடிதம் அதற்கு ராமானுஜன் எழுதிய பதில். தேதி 1913 பிப்ரவரி 27. முதல் இரண்டிலிருந்து இதன் தொனியே வேறு. தன் உழைப்பை அனுதாபத்தோடு பார்க்கும் ஒரு நண்பர் கிடைத்துவிட்டார் என்ற மகிழ்ச்சி அதில் தெரிகிறது. லண்டன் பேராசிரியரைப் பற்றி வேடிக்கையாகவும் சொல்கிறார். 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என் முறைப்படி விடை கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்று வருகிறது, இதைச் சொன்னால் நீங்கள் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்கிறார். என் முறையை முழுதாகச் சொன்னால் ஒரே கடிதத்தில் உங்களுக்குப் புரியாது, அதனால் முடிவுகளைச் சரிபார்த்து அவற்றில் ஏதோ உண்மை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள் என்று வாதாடுகிறார்.

அதே கடிதத்தில்தான் பசியைப் பற்றிச் சொல்கிறார். நான் ஏற்கெனவே பாதிப் பட்டினி, மூளையைக் காப்பாற்றிக்கொள்ள எனக்குச் சோறு வேண்டும், என் முதல் கவலை அதுதான் என்ற பொருளில் எழுதுகிறார். உடனே அடுத்த வரியில், உங்களிடமிருந்து ஓர் ஆதரவான கடிதம் வந்தால் இங்கே பல்கலைக்கழகத்திலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ உதவித்தொகை பெற உதவியாக இருக்கும் என்று சொல்லிவிடுகிறார்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்தைக் காட்டத்தான். பட்டினி முதல் கடிதத்தின்போதும் இருந்தது, இரண்டாவதின்போதும் இருந்தது. ஆனால் அதை அவர் வாசலில் கொண்டுவந்து வைக்கவில்லை. முதலில் தன் வேலையை வைத்தார். அது மதிக்கப்பட்ட பிறகு, அதைத் தொடர எனக்கு இன்னது வேண்டும் என்று சொல்லும்போது பசியைச் சொன்னார். அழுது புலம்பவில்லை. கணக்கு எழுதுகிறவரைப் போல, இவ்வளவு குறைகிறது, இதனால் குறைகிறது, நீங்கள் இன்னது செய்தால் தீரும் என்று சொன்னார்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவரின் மகள் தன் கட்டுரையை எனக்கு அனுப்பினாள். அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிறோம் என்று பணம் வாங்கும் ஓர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த கட்டுரை அது. முதல் பக்கம் முழுக்க அப்பாவின் சூடுபட்ட கை, அம்மாவின் அடகு வைத்த தாலி, தெருவிளக்குப் படிப்பு. "எங்கள் தெருவில் விளக்கே எரியாது சார், நான் வீட்டுக்குள்தான் படித்தேன்" என்றாள் அந்தப் பெண். தாலி அடகும் அவர்களாகச் சேர்த்தது. இப்படி எழுதினால்தான் இரக்கப்படுவார்கள் என்றார்களாம். அப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லையாம்.

நீ என்னம்மா செய்தாய் என்று கேட்டேன். சிவில் இன்ஜினியரிங் கடைசி ஆண்டுத் திட்டத்துக்காக ஊரில் 14 கிணறுகளில் எட்டு மாதம், வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஏரிக்கு அருகில் இருந்த ஐந்து கிணறுகளில் மட்டம் குறைவது எப்போது, எவ்வளவு என்று வரைபடம் போட்டிருக்கிறாள். ஒரு கிணற்றுக்காரர் உள்ளே விடவில்லை, மூன்றாவது வாரம் அவர் மனைவி விட்டார். அந்த நோட்டைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. "நிலத்தடி நீரில் ஆர்வமுண்டு" என்று.

அந்த நோட்டைத்தான் முதலில் வை என்றேன். எந்தக் கிணற்றில் என்ன பார்த்தாய், எது புரியவில்லை, அந்தப் புரியாததைப் படிக்க ஏன் அந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று எழுது. அப்பாவின் வண்டியை ஒரே இடத்தில், உதவித்தொகை ஏன் தேவை என்னும் பத்தியில், உண்மையான வருமானத்தோடு சொல். அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்பு. அப்படித்தான் அனுப்பினாள். முடிவு இன்னும் வரவில்லை. எப்படி வந்தாலும் அந்தக் கட்டுரையைப் படித்து அவள் வீட்டில் யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

வறுமையைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தாராளமாகச் சொல்லலாம். அது உண்மை. பல விண்ணப்பங்களில் அதைக் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் எதிரே படிப்பவருக்கு, இந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால் என்ன செய்யும் என்று தெரிய வேண்டும். கஷ்டத்தை மட்டும் படித்தால் இரக்கம் வரும், அந்த விடை கிடைக்காது.

மறுபடியும் கதைக்கு வருகிறேன். மூன்றாவது கடிதம் எழுதும்போதே இங்கே காரியங்கள் நகர ஆரம்பித்திருந்தன. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஹார்டியின் கடிதமும் சேர்ந்துகொண்டது. பட்டம் இல்லாத ஒருவருக்கு, எஃப்.ஏ. கூடத் தேறாத ஒருவருக்கு, மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கியது. 1913 மே மாதம் முதல் அவர் முழு நேரமும் கணிதம் செய்தார். 1914-இல் சென்னைக்கு வந்த கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நெவில் பரிந்துரைக்க, இங்கிலாந்து செல்ல ஆண்டுக்கு 250 பவுண்டும் கிடைத்தது. அதில் 50 பவுண்டு குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. மார்ச் 17 அன்று கப்பல் ஏறினார். 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார்.

இதைப் படித்துவிட்டு, நல்ல கடிதம் எழுதினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அந்த நோட்டுப் புத்தகங்களைக் கொண்டு பேக்கர், ஹாப்சன் வீட்டுக் கதவுகளையும் அவர் தட்டினார், அவை திறக்கவில்லை. படிக்கும் ஆளும் சரியாக அமைய வேண்டும். அதனால் ஓரிடத்தில் மறுத்துவிட்டால், நான் எதற்கும் லாயக்கில்லை என்று பிள்ளை முடிவு கட்டக் கூடாது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ராமானுஜன் ஏழைதான். ஆனால் படித்து உத்தியோகத்தில் இருந்தவர்கள் அவர் சமூகத்தில் பலர் இருந்தார்கள். 1910-இல் திருக்கோவிலூரில் துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடிப் போய் நோட்டைக் காட்டினார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். அவர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தார். அங்கிருந்து நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போனார். அவர் சில காலம் தன் கைப்பணத்தையே மாதாமாதம் கொடுத்தார். பிறகு துறைமுகத்தில் நாராயண ஐயர். ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டுகள் இல்லாமல் ஹார்டிக்குக் கடிதமே போயிருக்காது. ஹார்டிக்கு எழுதிய ஆங்கிலத்திலும் அந்த நண்பர்களின் கை உண்டு.

நம் பள்ளியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். அவர்கள் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முதல் தலைமுறை. அவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? காசு வாங்கிக்கொண்டு தெருவிளக்கைச் சேர்க்கும் அலுவலகம்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் சாட்ஜிபிடி. அதைக் கேட்டால் இலக்கணப் பிழை இல்லாத கட்டுரை வந்துவிடும். ஆனால் மூன்றாவது வாரம் கிணற்றுக்காரர் மனைவி உள்ளே விட்டார் என்பது அதற்குத் தெரியாது. அதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். சொல்ல வைப்பதற்கு எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து, "நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்க வேண்டும்.

அதனால் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று, எழுதப் போகும் பிள்ளைகளுக்கு. மாதிரிக் கட்டுரையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நீங்களாகச் செய்த ஒரு வேலையை, அது எவ்வளவு சிறியதானாலும், தேதியோடும் எண்ணிக்கையோடும் எழுதுங்கள். அதில் உங்களுக்குப் புரியாமல் நின்ற ஒன்றை எழுதுங்கள். நீங்கள் போக விரும்பும் துறையில் யார் அதைப் பற்றி வேலை செய்கிறார் என்று தேடி, அவர் எழுதியதில் ஒன்றையாவது படியுங்கள். உங்களுடைய 36 ஆம் பக்கம் எது என்று கண்டுபிடியுங்கள். தோல்வி இருந்தால் ஒரு வரி. தேவை என்னவோ அதைத் தெளிவாக, கடைசியில். அதற்குப் பிறகு ஆங்கிலத்தை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துத் திருத்திக்கொள்ளலாம். தமிழிலேயே முதலில் எழுதினாலும் குற்றமில்லை.

இரண்டாவது, என்னிடம் படித்துவிட்டு இன்று பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு. உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் கட்டுரையைப் படிக்க ஒரு மணி நேரம் இருக்கும். ராமச்சந்திர ராவ் மாதிரி பணம் கொடுக்கச் சொல்லவில்லை. படித்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். விருப்பமுள்ளவர்கள் எந்தத் துறை என்பதைக் கீழே எழுதுங்கள். எழுதுகிற பிள்ளையின் பெயரையும் விவரங்களையும் இங்கே பொதுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். யாரை யாரோடு சேர்த்துவிடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வயதில் எனக்கு வேறு வேலை இல்லை.

செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் காலம். கடைசி வாரத்தில் ஓடி வராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்